கழித்த சரக்கு யார் தலையில்?

நொச்சிக்குப்பம் மாதிரியான சோழமண்டலக் கடற்கரைக் குப்பங்களிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பழைய சரக்குகளில் ஒன்று என்ன தெரியுமா? ஒரு வார்த்தை.

வில்லியம் டாம்பியர் என்று ஓர் ஆங்கிலேயர். பாதி கடற்கொள்ளைக்காரர், பாதி ஆராய்ச்சியாளர். 1690ல் சென்னைக் கோட்டைக்கு வந்துபோனவர். 1697ல் லண்டனில் வெளியான தன் பயணப் புத்தகத்தில், கட்டைகளைச் சேர்த்துக் கட்டி அலைமேல் ஓட்டிக்கொண்டு போகிற நம்மாட்களைப் பற்றி எழுதினார். கட்டுமரம் 'கேட்டமரன்' ஆகிவிட்டது. இன்றைக்கு ஐரோப்பியக் கோடீஸ்வரர்கள் காற்று வாங்கப் போகிற சொகுசுப் படகுக்கு அந்தப் பெயர்தான். நம் ஊருக்கு ராயல்டியாகச் சல்லிக்காசு வரவில்லை. போகட்டும்.

வார்த்தைக்கு யாரும் தரச் சான்றிதழ் கேட்பதில்லை. சரக்குக்குக் கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட. காசு கொடுத்து வாங்கித் தின்கிறவனுக்கு வயிற்றைக் கலக்கக் கூடாது, இல்லையா? ஆனால் 'சரக்கு சரியில்லை' என்று ஐரோப்பா கழித்துவிட்டால், அந்த நஷ்டம் யார் தலையில் விழும்? இந்தக் கேள்விக்கு நானூறு வயது.

முதலில் துணி. 1610ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வந்து உட்கார்ந்தார்கள். 1613ல் கெல்ட்ரியா என்று கோட்டையும் கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது நம் கரையோர நெசவாளிகளின் துணி. வாங்குகிற முறை எளிமையானது. இன்ன அகலம், இன்ன நெருக்கம், இன்ன சாயம் என்று ஒரு மாதிரித் துணி. உள்ளூர் வணிகர் கையில் முன்பணம். அவர் அதை நெசவாளிக்குக் கொடுப்பார். நெய்து வந்த துணியை மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொருந்தினால் எடுத்துக்கொள்வார்கள். பொருந்தவில்லையா? விலையைக் குறைப்பார்கள், அல்லது கழித்துவிடுவார்கள்.

சென்னையில் ஆங்கிலேயர்களும் இதே கணக்குத்தான். துணி தங்குதடையில்லாமல் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே 1734ல் நெசவாளர்களைக் குடியமர்த்தி ஒரு பேட்டையையே உருவாக்கினார்கள். சின்னத் தறிப் பேட்டை. நம் சிந்தாதிரிப்பேட்டை.

கழித்த துணி என்ன ஆகும்? கம்பெனி வணிகரைப் பார்க்கும். வணிகர் நெசவாளியைப் பார்ப்பார். நெசவாளி யாரைப் பார்ப்பான்? வாங்கின முன்பணம் கடனாக நிற்கும். அடுத்த துணியும் அதே வணிகருக்குத்தான். தப்பிக்க வழியே கிடையாது.

இந்தக் காட்சியை அப்படியே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எறாவுக்கு வருவோம்.

எறா ஏற்றுமதியின் கதை தொடங்குவது கேரளத்தில். ஒரு காலத்தில் அங்கே எறா மிஞ்சிப்போனால் தென்னைக்கு உரமாகப் போடுவார்களாம். 1952ல் நார்வே, இந்தியா, ஐ.நா. சபை மூன்றும் ஓர் ஒப்பந்தம் போட்டன. மறுவருடம் கொல்லம் பக்கத்தில் நீண்டகரையில் வேலை ஆரம்பம். நோக்கம் உன்னதமானது. ஏழை மீனவனுக்கு நல்ல படகு, ஊருக்கு மலிவாக நல்ல மீன், ஐஸ், சுகாதாரம். இதே 1950களில்தான் கொச்சியிலிருந்து உறைய வைத்த எறா கப்பலேறத் தொடங்கியது. அங்கே அதற்குக் கிடைத்த விலையைப் பார்த்ததும் எல்லாம் தலைகீழ். ஊருக்கு மீன் பிடிக்க வந்த யந்திரப் படகு, வெளிநாட்டுக்கு எறா வாரப் போய்விட்டது. கடலின் அடித்தரையைச் சுரண்டிக்கொண்டு போகும் இழுவலை பரவியது இப்படித்தான். பெரிய எறாவோடு குஞ்சும் குளுவானும் சேர்ந்து வரும் வலை அது.

தமிழ்நாட்டுக்கும் வந்தது. காசிமேட்டில் விசைப்படகுகள் பெருகின. கட்டுமரக்காரர்கள் விரித்திருந்த வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போகும். சண்டை, அடிதடி. கடைசியில் 1983ல் தமிழக அரசு ஒரு சட்டம் போட்டது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை பாரம்பரிய மீனவர்களுக்கு, விசைப்படகுகள் அதற்கு அப்பால். காகிதத்தில் அருமையான கோடு. தண்ணீரில் கோடு தெரியாது என்பதுதான் சிக்கல்.

அடுத்து 1997. ஐரோப்பிய அதிகாரிகள் வந்தார்கள். நம் மீன் பதனிடும் ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார்கள். தரை, தண்ணீர், ஐஸ், உரிக்கும் கூடம். திருப்தியில்லை. மீனில் கிருமிகள் பிரச்னை வேறு. அந்த ஆகஸ்டில் இந்திய மீன், எறா எதுவும் ஐரோப்பாவுக்குள் வரக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். வங்கதேசத்துக்கும் அதே நேரத்தில் அதே அடி.

டிசம்பரில் கதவு திறந்தது. எல்லோருக்கும் அல்ல. ஆலை ஆலையாகப் பார்த்து, தேறினவர்களுக்கு மட்டும். இதில் நன்மையே இல்லையென்று சொல்ல முடியாது. ஆலைகள் சுத்தமாயின. அரசும் மானியம் கொடுத்தது. ஆனால் எறா உரிப்பது அதுவரை பெரும்பாலும் ஊர் ஊராகச் சின்னச் சின்னக் கொட்டகைகளில் பெண்கள் செய்துவந்த வேலை. இனிமேல் அது ஆலையின் கண் பார்வையிலேயே நடக்கவேண்டும் என்று ஆனது. பளிங்குத் தரை போட வசதியிருந்த முதலாளி பிழைத்தார். கொட்டகை வைத்திருந்தவர் மூடினார். அங்கே உட்கார்ந்து உரித்த பெண்ணை எந்த அதிகாரியும் குறிப்பேட்டில் எழுதவில்லை.

சரி, நொச்சிக்குப்பத்துக்கு வாருங்கள். கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, லூப் ரோட்டை ஒட்டி இருக்கும் குப்பம். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரை நெடுக கட்டுமரம் குறைந்து ஃபைபர் போட் பெருகியது. துறைமுகம் கிடையாது. போட்டை மணலில்தான் ஏற்றவேண்டும். வலையிலிருந்து மீனை எடுப்பதும் மணலில்தான். கிடைப்பதில் பெரும்பகுதி நம் குழம்புச் சட்டிக்கு வருகிறது. இப்படிப்பட்ட குப்பங்களில் எறா, கடம்பா, நண்டு நன்றாகப் பட்டால் மட்டும் வியாபாரி எடுத்துக்கொள்வார். அவரிடமிருந்து பெரிய வியாபாரி, அவரிடமிருந்து ஆலை, ஆலையிலிருந்து கப்பல்.

எறாவின் தரம் எங்கே தீர்மானமாகிறது? பளிங்குத் தரை ஆலையில் அல்ல. பிடித்த முதல் சில மணி நேரத்தில். வெயிலில் கிடந்த எறாவை எந்த ஆலையாலும் புதுசாக்க முடியாது. தேவை ஐஸ், நிழல், நல்ல தண்ணீர். இந்த மூன்றுக்கும் யார் காசு கொடுப்பது? நல்ல எறாவுக்குக் கூடுதல் விலை வந்தால் மீனவரே கொடுப்பார். ஆனால் வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், அவர் சொன்ன விலைக்குத்தான் போடவேண்டும். ஐஸ் போட்டாலும் அதே விலை, போடாவிட்டாலும் அதே விலை என்றால் யார் போடுவார்கள்? சிந்தாதிரிப்பேட்டை நெசவாளியின் கதை ஞாபகம் வருகிறதா?

2010 ஜனவரி 1 முதல் ஐரோப்பா இன்னொரு காகிதம் கேட்கத் தொடங்கியது. இந்த மீன் திருட்டுத்தனமாகப் பிடிக்கப்பட்டதல்ல என்பதற்கான சான்றிதழ். கடலில் பிடித்த மீனுக்கு இந்தியாவில் அதை உறுதி செய்து தருவது, 1972ல் தொடங்கிய கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம். இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. பன்னிரண்டு மீட்டருக்குக் குறைவான, இழுவலை போடாத படகுகளுக்கு விதி தளர்த்தப்பட்டது. எளிமையான படிவம், பல படகுகளின் மீனைச் சேர்த்து ஒரே காகிதம். கடலை அதிகம் காயப்படுத்தாத சின்னப் படகு என்று ஒரு ஜாதி உண்டு என்பதை ஐரோப்பாவே ஒப்புக்கொண்ட மாதிரி.

நொச்சிக்குப்பத்து ஃபைபர் போட் அந்த ஜாதிதான். ஆனால் கவனியுங்கள். அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்து கையெழுத்துப் போடுவது ஏற்றுமதியாளர். மீனவருடைய படகின் பெயரும் எண்ணும் கிலோவும் ஒரு வரியில் வரும். துறைமுகத்தில் எழுதிவைக்க ஆள் உண்டு. மணலில் ஏறுகிற போட்டுக்கு? அதன் எறா யார் யார் எறாவோடோ கலந்துபோகும். அது சின்னப் படகில், சுத்தமாகப் பிடித்த எறா என்ற ஒரே பெருமையும் ஐஸ் தண்ணீரோடு கரைந்துவிடும்.

உதவ யாருமே இல்லையா? இருக்கிறார்கள். பழவேற்காட்டில் துணி வாங்கிய அதே நெதர்லாந்து, வளரும் நாடுகளின் சின்ன நிறுவனங்கள் ஐரோப்பாவில் சரக்கு விற்க வழிகாட்டுவதற்காக 1971ல் ஓர் அமைப்பைத் தொடங்கியது. பெயர் சிபிஐ. பயப்படாதீர்கள், ரெய்டு வராது. 2007ல் நம் ஆணையமும் நெட்ஃபிஷ் என்ற அமைப்பைத் தொடங்கி, மீனை எப்படிக் கையாளுவது, கடலை எப்படிக் காப்பாற்றுவது என்று கரையிலேயே போய்ச் சொல்லிக்கொடுக்கிறது. நல்ல காரியம். ஆனால் பாடம் நடத்துவது சுலபம். பாடத்தைப் பின்பற்றுகிறவனுக்குப் பத்து ரூபாய் அதிகம் கிடைக்கச் செய்வதுதான் கஷ்டம்.

முடியாத காரியமா என்றால், இல்லை. நார்வேக்காரர்கள் வந்திறங்கிய அதே நீண்டகரைக்குப் பக்கத்தில் அஷ்டமுடிக் காயல். அங்கே சிப்பி எடுக்கிறவர்கள் வெளிநாட்டு கிராக்கிக்காக அள்ளி அள்ளி, சிப்பியே குறைந்துபோனது. பிறகு விழித்துக்கொண்டார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை. பொடிச் சிப்பி தப்பிக்க வலைக் கண்ணுக்கு அளவு. ஏற்றுமதிக்குக் கிலோவுக்கு 1400 சிப்பிக்கு மேல் நிற்கக் கூடாது, அதற்குமேல் நின்றால் குஞ்சு என்று அர்த்தம். முடிவெடுக்கும் குழுவில் சிப்பி எடுக்கிறவர்களுக்கும் இடம். விஞ்ஞானிகளும் அரசும் துணை நின்றார்கள். 2014ல் உலக அளவில் மதிக்கப்படும் எம்.எஸ்.சி. சான்றிதழ் கிடைத்தது. இந்தியாவில் அதுதான் முதல்.

ஆலைக்காரருடைய தரையைப் பார்த்துக் கிடைத்த சான்றிதழ் அல்ல அது. தண்ணீரில் இறங்குகிறவர்களின் கட்டுப்பாட்டுக்குக் கிடைத்தது. வித்தியாசம் புரிகிறதல்லவா?

நொச்சிக்குப்பத்தில் 2023 ஏப்ரலில் சாலையோர மீன் கடைகளை அகற்றியபோது போராட்டம் வெடித்தது. 2024 ஆகஸ்டில், முந்நூறுக்கும் மேற்பட்ட கடைகளோடு புது மீன் அங்காடி திறந்தார்கள். ஆக, கூரை வந்தாயிற்று. இனி எடைபோட்டு எழுதிக் கொடுக்க ஒரு தராசும் நோட்டும், கடன் கொடுக்க ஒரு சங்கமும் சேர்ந்தால், ஐரோப்பாவின் படிவத்தில் இந்தக் குப்பத்துப் படகின் எண் கலந்துபோகாமல் தனியாகத் தெரியும். விலையும் தெரியும்.

அடுத்த முறை லூப் ரோட்டில் மீன் வாங்கப் போனால், பேரம் பேசுவதற்கு முன்னால் ஐஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது யார் காசில் வாங்கியது என்று கேளுங்கள். நானூறு வருடமாக வாங்குகிறவர்கள் கேட்க மறந்த கேள்வி அது.