கப்பலின் அடிப்புறம்

கடலில் கிடக்கும் மரக்கப்பலின் அடிப்புறத்துக்கு இரண்டு பகை. பாசியும் கொட்டலசும் வெளியே ஒட்டி வளர்ந்து வேகத்தைக் கெடுக்கும். சிப்பி இனத்தைச் சேர்ந்த கப்பல் புழு பலகைக்குள் புகுந்து அரிக்கும். வெளியில் தெரிவது ஊசித்துளை மட்டுமே. கொலம்பஸின் நான்காம் பயணக் கப்பல்களை இந்தப் புழு சல்லடையாக்கியது. மிஞ்சிய இரண்டை 1503இல் ஜமைக்கா கரையில் ஏற்றிவிட்டு, மீட்பை எதிர்பார்த்து ஓராண்டு காத்துக் கிடந்தார்.

உலர்துறைகள் அரிதாக இருந்த நாளில் அடிப்புறத்தை மாலுமிகளே துப்புரவு செய்தனர். நீரேற்றத்தின்போது கப்பலை மணற்கரைக்குக் கொண்டுவந்து, சரக்கையும் பீரங்கிகளையும் இறக்கி, பாய்மரத்தில் கயிறு கட்டி ஒருபுறமாகச் சாய்ப்பார்கள். சுள்ளி கொளுத்திப் பாசியைக் கருக்கிச் சுரண்டியபின் கீல், விலங்குக் கொழுப்பு, கந்தகம் போன்றவற்றைக் கலந்து பூசுவார்கள். பிறகு மறுபுறம். சாய்ந்து கிடக்கும் கப்பலால் ஓடவும் முடியாது, சண்டையிடவும் முடியாது. கடற்கொள்ளையர் இந்த வேலைக்கு ஆளரவமற்ற குடாக்களைத் தேடியதன் காரணம் அதுதான். தமிழகக் கரையில் கட்டுமரக்காரர்களுக்கு இந்தப் பாடே இல்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் காயப்போட்டனர். ஈரமில்லாத மரத்தில் புழு பிழைக்காது.

பிரிட்டிஷ் கடற்படை 1761இல் ‘அலாரம்’ என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு வேய்ந்து பார்த்தது. பாசியும் இல்லை, புழுவும் இல்லை. ஆனால் கடல்நீரில் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. செம்புக் கலவை ஆணிகள் வந்த பிறகே, 1780களில், இந்தச் சிக்கல் தீர்ந்தது. தகடும் தேயத்தான் செய்தது. 1824இல் ஹம்ப்ரி டேவி, துத்தநாகமோ இரும்போ சிறிது சேர்த்து வைத்தால் செம்பு தேயாது என்று காட்டினார். சொன்னபடியே செம்பு தேயவில்லை. கொட்டலசு திரும்பி வந்துவிட்டது! சிறுகச் சிறுகக் கரையும் செம்பின் நஞ்சுதான் அடிப்புறத்தைக் காத்துவந்தது என்பது இந்தத் தோல்வியால் விளங்கியது. இந்த வரலாற்றில் வெற்றிகளைவிட அதிகம் கற்பித்தது இதுவே.

இரும்புக் கப்பலில் செம்பை நேரடியாக வேய்ந்தால் இரும்பு அரிக்கும். எனவே நஞ்சு பூச்சுக்குள் போனது. 1960களில் பரவிய டிரைபியூட்டைல் டின் பூச்சு கொட்டலசை அண்டவிடவில்லை. கூடவே பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பையும் குலைத்தது. 1982இல் பிரான்சு சிறு படகுகளில் அதற்குத் தடை விதித்தது. உலக அளவிலான தடை 2008இல் நடைமுறைக்கு வந்தது. இன்றைய பூச்சுகள் பலவற்றில் செம்புச் சேர்மமே மீண்டும் இடம்பெற்றிருக்கிறது.

சுரண்டும் வேலை மட்டும் ஒழியவில்லை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி, அடிப்புறத்தைச் சுரண்டி, வர்ணம் பூசுவது பெரும்பாலும் அந்த 61 நாள்களில்தான்.