எதிரிக்கும் நீதி

எமது நீதிமன்றங்களிற் குற்றஞ் சாட்டப்பட்டவனை ‘எதிரி’ என்று அழைப்பது நெடுங்கால வழக்கு. நாளாந்தத் தமிழிலோ அச்சொல்லுக்குப் பகைவன் என்பதே பொருள். வழக்கில் எதிர்த்தரப்பில் நிற்பவனைச் சமூகத்தின் பகைவனாகக் கருதிவிடாது காப்பதே குற்றவியற் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளின் நோக்கம் எனக் கூறின் மிகையாகாது. இக்கோட்பாடுகளை மாணவர்க்கு அறிமுகஞ் செய்யும்போது பிரிவு இலக்கங்களையும் தண்டனைக் காலங்களையும் மனனஞ் செய்விப்பதாற் பயன் சிறிது. ஒவ்வொரு கோட்பாடும் எத்தகைய அநீதியிலிருந்து பிறந்தது, அது மீறப்பட்டபோது துன்புற்றவர் யாவர் என்பனவற்றை வரலாற்றினூடாக உணர்த்துவதே தக்கது.

தமிழ் மாணவர்க்கு இதனை விளக்கச் சிலப்பதிகாரம் நல்லதொரு தொடக்கமாகும். பொற்கொல்லனின் சொல்லே கோவலனுக்கு எதிராக இருந்த சான்று. தன் தரப்பைக் கூறக் கோவலன் மன்னன்முன் அழைக்கப்படவில்லை. களவுபோன சிலம்பும் அவன் கையிலிருந்த சிலம்பும் ஒன்றுதானா என எவரும் சோதிக்கவில்லை. ஒன்றில் முத்தும் மற்றொன்றில் மாணிக்கமும் இருந்த உண்மை, அவன் வெட்டுண்ட பின்னரே அரசவையில் வெளிப்பட்டது. தண்டனை முந்தியது, விசாரணை பிந்தியது. பாண்டியன் இயல்பிற் கொடியவனல்லன் என்பதையும் மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். தவறை உணர்ந்த கணமே உயிர்விட்டவன் அவன். நல்ல மன்னன் இருந்தால் நீதி தானே கிடைக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு அவனே சாட்சி. ஆள்வோரின் நற்குணத்தை மாத்திரம் நம்பியிருக்க முடியாமையாலேயே மனிதர் நெறிமுறைகளை வகுத்தனர்.

அந்நெறிமுறைகளின் சாரத்தை நான்காக வகுத்துக் கூறலாம். முதலாவது, செய்த காலத்திற் சட்டத்தாற் குற்றமென வரையறுக்கப்படாத செயலுக்காக எவரையும் தண்டித்தலாகாது. அக்காலத்திலிருந்த தண்டனையைப் பின்னர் கூட்டி விதித்தலும் ஆகாது. இரண்டாவது, பொதுவாகச் செயல் மாத்திரம் குற்றமாகாது. அதன் பின்னே குற்ற மனமும் இருத்தல் வேண்டும். கொல்லும் எண்ணத்தோடு கோடரியை ஓங்கியவனும், விறகு பிளக்கையிற் கைநழுவிய கோடரியால் ஒருவனுக்கு மரணம் விளைவித்தவனும் ஒரே தராசில் நிறுக்கப்படார். மூன்றாவது, நியாயமான ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்படும்வரை எதிரி குற்றமற்றவனே. நிரூபிக்கும் சுமை வழக்குத் தொடுப்போருடையது. நான்காவது, அச்சுறுத்தியும் வதைத்தும் பெற்ற வாக்குமூலம் சான்றாகாது.

இவை ஏட்டறிஞரின் கற்பனையில் உதித்தவையல்ல. 1762ஆம் ஆண்டில், பிரான்சின் துலூஸ் நகரிலே ஜான் கலாஸ் என்னும் புரட்டஸ்தாந்துத் துணி வணிகர் சக்கரத்திற் கட்டி எலும்பு நொறுக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். கத்தோலிக்க மதத்தைத் தழுவவிருந்த மகனைக் கொன்றார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். வதைத்தபோதும் அவர் குற்றத்தை ஏற்கவில்லை. வோல்டேயர் அவருக்காகத் தொடுத்த எழுத்துப் போரின் பயனாக, 1765இல் அவர் குற்றமற்றவரெனத் தீர்ப்பாயிற்று. இதற்கிடையே 1764இல், மிலான் நகரத்துச் செசாரே பெக்காரியா, குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றிய தமது சிறுநூலிலே சித்திரவதையையும் மரண தண்டனையையும் கண்டித்தார். பின்னோக்கிச் செல்லும் தண்டனைச் சட்டம் கூடாது என்பதும், குற்றவாளியெனத் தீர்க்கப்படும்வரை ஒருவன் குற்றமற்றவனே என்பதும் 1789ஆம் ஆண்டுப் பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்தில் இடம்பெற்றன.

முடியாட்சியின் எதேச்சாதிகாரத்திலிருந்து தன் உடலையும் உடைமையையும் காக்க விரும்பிய வணிக வர்க்கம் இக்கோட்பாடுகளை உரத்து முழங்கியது உண்மையே. அதனால் இவை முதலாளித்துவத்தின் போர்வையென ஒதுக்குவாரும் எம்மிடையே உளர். எமது நாட்டின் வரலாறு அவர்களுக்கு ஓரளவு துணைநிற்கவுஞ் செய்கிறது. மெக்கோலேயின் முயற்சியில் உருவாகி 1860இல் இந்தியாவிற் சட்டமான தண்டனைக் கோவையைப் பின்பற்றி, 1883இல் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கும் குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபித்தலாகாது என 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் விதித்தது. ஆயின் அதே ஆட்சியாளரின் 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளி சிறை செல்ல நேர்ந்தது. ஒப்பந்த மீறலைக் குற்றமாக்கிய அவ்வேற்பாடு 1920களின் தொடக்கத்திலேயே நீங்கியது. எதனைக் குற்றமென வகுப்பது என்பதில் வர்க்க நலன் கைவைக்கிறது. அங்ஙனம் வகுக்கப்பட்ட சட்டத்தின்முன் தனியனாக நிறுத்தப்படும் எளியவனுக்குப் பணமுமில்லை, செல்வாக்குமில்லை. மேற்கூறிய நான்கு கோட்பாடுகளே எஞ்சியுள்ளன. அவற்றையும் போர்வையெனக் கழற்றி எறிந்தால் முதலிற் குளிரில் நடுங்குபவன் அவனே.

இவ்வுண்மையை 1962ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் தெளிவாகக் காட்டுகின்றன. அவ்வாண்டு ஜனவரியில், திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தைக் கவிழ்க்கத் தீட்டப்பட்ட சதியொன்று வெளிப்பட்டது. குற்றஞ் சாட்டப்பட்டோருட் பலர் பொலிஸ், படைத்துறை உயரதிகாரிகள். ஆங்கிலங் கற்ற மேட்டுக்குடியினர். இடதுசாரித் தலைவர்களைச் சிறைப்பிடிப்பதும் அவர்களது திட்டத்தில் இருந்ததாகக் கூறப்பட்டது. அவர்களைத் தண்டிப்பதற்கென்றே 1962ஆம் ஆண்டு 1ஆம் இலக்கக் குற்றவியற் சட்ட விசேட ஏற்பாடுகள் சட்டம் பிறந்தது. அது சதிக்கு முந்திய ஜனவரி 1ஆம் திகதியிலிருந்தே நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்பட்டது. பிடியாணையின்றி அவர்களைத் தடுத்துவைத்தமை பின்னோக்கிச் சட்டபூர்வமாக்கப்பட்டது. குற்றத்தின் வரைவிலக்கணம் விரிவாக்கப்பட்டது. பத்தாண்டுச் சிறைக்குக் குறையாத தண்டனையும் சொத்துப் பறிமுதலும் கட்டாயமாயின. யூரர் சபை அகற்றப்பட்டது. விசாரிக்கும் மூன்று நீதியரசர்களை அமைச்சரே பெயர் குறிக்கலாம் என்றாயிற்று. அமைச்சரின் நியமனம் செல்லாதென முதலில் அமைந்த மன்றமே தீர்த்தமையால், அவ்வதிகாரம் பின்னர் பிரதம நீதியரசருக்கு மாற்றப்பட்டது.

1965 ஏப்ரலில், எதிரிகள் இருபத்துநால்வருட் பதினொருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில், இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் அவர்களை விடுவித்தது. சட்டம் பின்னோக்கிச் சென்றது என்ற ஒரே காரணத்துக்காக அன்று. குறித்த சிலரைத் தண்டிப்பதற்கென்றே சட்டமியற்றிப் பாராளுமன்றம் நீதித்துறைக்குரிய அதிகாரத்திற் புகுந்தது என்ற காரணத்துக்காகவே அச்சட்டம் செல்லாதெனப்பட்டது. மேட்டுக்குடிச் சதிகாரர் தப்பினர் என முற்போக்காளர் பலர் வெகுண்டிருத்தல் கூடும். ஆயின் அவ்வழக்கு உணர்த்திய பாடத்தைக் கல்லாமையின் விலையைச் செலுத்தியவர் மேட்டுக்குடியினரல்லர்.

1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி நிகழ்ந்தது. பல்லாயிரம் கிராமப்புற இளைஞர் சிறைப்பட்டனர். அவர்களை விசாரிக்க 1972இற் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. குற்றஞ் சாட்டப்பட்ட செயல்கள் நிகழ்ந்த பின்னரே எழுந்த அச்சட்டத்தின்கீழ், பொலிஸாரிடம் அளித்த ஒப்புதல் சான்றாயிற்று, மேன்முறையீடு மறுக்கப்பட்டது. அவ்வரசாங்கத்தில் லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகளாக இருந்தன. வறிய இளைஞர்க்கு எதிராக எழுந்த சட்டத்துக்கு உழைக்கும் மக்களின் கட்சிகள் துணைபோயின. அதனை 1977இல் நீக்கிய பெருமையோ ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்பெருமையும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, குற்றமற்றவர் என்னும் ஊகத்தையும் பின்னோக்கிய தண்டனைக்கு எதிரான காப்பையும் ஏற்றது. அடுத்த ஆண்டே பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அதன்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் சான்றாகும். அது அச்சுறுத்திப் பெறப்பட்டதாயின் அதனை நிரூபிக்கும் சுமை எதிரியுடையது. பூட்டிய அறைக்குள் நிகழ்ந்ததைத் தனியொருவன் எச்சாட்சியைக் கொண்டு நிரூபிப்பான்? மூன்றாண்டுக்கென வந்த சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. 2022இற் சில திருத்தங்கள் செய்யப்பட்டபோதும் இப்பிரிவு நீக்கப்படவில்லை. முதலில் தமிழ் இளைஞர்மீது பாய்ந்த அச்சட்டம், எண்பதுகளின் இறுதியிற் சிங்கள இளைஞரையும், 2019 ஏப்ரலுக்குப் பின்னர் முஸ்லிம்களையும் தீண்டியது.

1962, 1972, 1979 ஆகிய ஆண்டுகளில் எதிரி ஒவ்வொரு முறையும் வேறுபட்டான். எனினும் ஒவ்வொரு முறையும் ஆபத்து வழமைக்கு மாறானது எனக் கூறியே விதிவிலக்குக் கோரப்பட்டது. ஒவ்வொரு முறையும் அக்கூற்றைப் பெரும்பான்மையோர் ஏற்றனர். வகுப்பறையில் இவ்வரலாற்றைக் கற்பிக்கையில், மாணவரிடம் நான்கு வினாக்களைக் கொடுத்து ஒரு வழக்கை ஆராயச் செய்யலாம். செயல் நிகழ்ந்தபோது சட்டம் இருந்ததா? குற்ற மனம் காட்டப்பட்டதா? நிரூபிக்கும் சுமை யார் தோளில் உள்ளது? வாக்குமூலம் எங்கே, எவ்வாறு பெறப்பட்டது? கோவலனுக்காக இவற்றைக் கேட்பது எளிது. அவன் எமது காவியத் தலைவன். எமக்கு உவப்பற்ற கட்சியினனும், எமது இனத்தவனல்லாதவனும் கூண்டில் நிற்கும்போது அதே வினாக்களைத் தயங்காது கேட்கும் மாணவனே சட்டத்தைக் கற்றவனாவான். அவனை உருவாக்கும் பொறுப்பு ஆசிரியர்களாகிய எம்முடையது.