நொத்தாரிசை வீட்டுக்கு அழைத்து உறுதி முடித்தல்

போரில் காலை இழந்தவரோ படுக்கையில் இருக்கும் முதியவரோ உறுதி முடிக்க நொத்தாரிசின் கந்தோருக்குப் போயே ஆகவேண்டும் என்றில்லை. நொத்தாரிசு தமக்கு அனுமதிக்கப்பட்ட பிரதேசத்துக்குள் வீட்டுக்கோ வைத்தியசாலைக்கோ வந்து உறுதியை முடித்துத் தரலாம். பயணச் செலவை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஆனால் தரகர் தாளைக் கொண்டுவந்து ஒப்பம் வாங்கிப் போவது வேறு விடயம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணியைக் கைமாற்றும் உறுதியில் ஒப்பமிடும்போது நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கவேண்டும். வெளிநாட்டிலுள்ள பிள்ளை அவசரப்படுத்துகிறார் என்பதற்காக வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்கவேண்டாம். வாசிக்க முடியாதவருக்கு, சாட்சிகள் முன்னிலையில் நொத்தாரிசு வாசித்து விளக்கவேண்டும். உங்களை நன்கு தெரிந்த அயலவர்களையே சாட்சிகளாக அழையுங்கள். அடையாள அட்டை, பழைய உறுதி, நில அளவைப் படம் என்பவற்றை எடுத்துவையுங்கள். சில வாரங்கள் கழித்து, உறுதி பதியப்பட்டதா என்று காணிப் பதிவகத்தில் விசாரியுங்கள்.

காணி காணாமலாக்கப்பட்ட கணவரின் பெயரில் இருந்தால், நொத்தாரிசு வீடு தேடி வந்தும் பயனில்லை. அவருக்காக மனைவி ஒப்பமிட முடியாது. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் கிடைக்கும் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் மரணச் சான்றிதழ் அல்ல. மரணச் சான்றிதழை மறுத்துவரும் குடும்பங்களுக்கு அது ஓர் இடைவழி. அதைக்கொண்டு, மாவட்ட நீதிமன்றக் கட்டளைக்கு உட்பட்டு, அவரது சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். அந்தச் சான்றிதழே போதும், காணியை விற்றுத் தருகிறேன் என்று தரகர் சொன்னால், சட்டத்தரணியிடம் கேட்காமல் முற்பணம் வாங்கவேண்டாம்.