கஃபன் அணிந்த தந்தையும் அவர் பிள்ளையும்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு மனிதன் திடீரென்று பெரியவனாகிவிட்டான் என்று யாராவது சொன்னால், அவனுக்கு நம்பிக்கை வராது. 'இதற்கு முதல் அத்தியாயம் எங்கே?' என்று தேடப் புறப்பட்டுவிடுவான். 2003-ஆம் ஆண்டு ஏப்ரலில் சதாம் ஹுசேனின் ஆட்சி கவிழ்ந்த சில வாரங்களுக்குள், முக்ததா அல் ஸத்ர் என்ற வாலிபரின் பின்னால் பாக்தாதின் ஏழை ஷியா ஜனங்கள் அலை அலையாகத் திரண்டார்கள். வெற்றி பெற்று வந்த அமெரிக்க அதிகாரிகள், 'யார் இந்தப் பிள்ளை?' என்று திகைத்தார்கள். நான் தேடிய முதல் அத்தியாயம் ஒரு ரேஷன் கார்டில் இருந்தது.

1990 ஆகஸ்டு 2-ந் தேதி சதாம் குவைத்துக்குள் புகுந்தார். நான்காவது நாளே ஐக்கிய நாடுகள் சபை ஈராக்கோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக் கொள்ளக் கூடாது என்று தடை போட்டது. எண்ணெயை விற்றுத் தானியம் வாங்கிச் சாப்பிட்டுக் கொண்டிருந்த தேசம் அது. எண்ணெய் விற்கவில்லை என்றால் அடுப்பு எரியாது. அதற்கு முன் சர்க்கார் கணக்கில் ஒரு தினாருக்கு மூன்று டாலர் என்றிருந்த மதிப்பு போய், 1995-ல் ஒரு டாலருக்கு ஆயிரக்கணக்கில் தினார் எண்ணிக் கொடுக்க வேண்டி வந்தது. பள்ளிக்கூட வாத்தியாரின் மாதச் சம்பளம் இரண்டு மூன்று டாலருக்குத்தான் தேறியது. பாக்தாதில் முதனப்பி தெரு என்று புகழ்பெற்ற புத்தகக் கடைத் தெரு ஒன்று உண்டு. படித்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த புத்தகங்களை அங்கே கொண்டுவந்து தரையில் பரப்பி விற்றன. நாம் எல்லோருமே கொஞ்சம் புத்தகம் சேர்ப்பவர்கள். இதற்கு மேல் நான் விவரிக்க வேண்டியதில்லை.

சதாமைப் பலவீனப்படுத்தத்தான் தடை. நடந்ததோ வேறு. மாவும் அரிசியும் சர்க்கரையும் தேயிலையும் எண்ணெயும் சர்க்கார் கார்டுக்குத்தான் கிடைத்தன. கார்டைக் கொடுப்பவரும் சதாம், பறிப்பவரும் சதாம். பசித்தவன் ராஜாவை எதிர்ப்பான் என்று எண்ணியவர்கள், ராஜாவே படி அளப்பவராக ஆகிவிடுவார் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. அந்த நாளில் லட்சக்கணக்கான குழந்தைகள் மாண்டதாக உலகமெங்கும் சொன்ன கணக்கு பிந்திய ஆராய்ச்சிகளில் நிற்கவில்லை. சதாமின் சர்க்கார் அதை ஊதிப் பெருக்கியிருந்தது. ஆனால் கஷ்டம் பொய்யல்ல. அங்கே ஐ.நா. நிவாரண வேலையை மேற்பார்த்த டெனிஸ் ஹாலிடே 1998-ல் மனம் பொறுக்காமல் ராஜிநாமாச் செய்தார்; பின்னால் வந்தவரும் 2000-ல் அதையே செய்தார்.

இந்தப் பஞ்ச காலத்தில்தான் முக்ததாவின் தந்தை முகம்மது ஸாதிக் அல் ஸத்ர் எழுந்தார். 1991-ல் தெற்கே ஷியாக்கள் செய்த கலகத்தைச் சதாம் ரத்தத்தில் முக்கி அடக்கியிருந்தார். மறு வருஷம் நஜஃப் நகரத்துப் பெரிய மதகுரு கோயி காலமானார். அந்த இடத்துக்குப் பாரசீகத் தொடர்பில்லாத, சொன்ன பேச்சுக் கேட்கும் ஓர் அரபு குரு கிடைத்தால் நல்லது என்று சர்க்கார் கணக்குப் போட்டு, ஸாதிக் ஸத்ருக்கு வழி விட்டது. அவர் அந்த வழியில் வெகுதூரம் நடந்துவிட்டார்! மற்றக் குருமார்கள் வீட்டுக்குள் இருந்து சட்டம் சொன்னபோது, இவர் தம் சீடர்களை ஏழைச் சேரிகளுக்கு அனுப்பினார். குலச் சண்டைகளுக்குத் தீர்ப்புச் சொல்ல நூல் எழுதினார். அங்கே வழக்கொழிந்து கிடந்த ஷியாக்களின் வெள்ளிக்கிழமைத் தொழுகையை மீண்டும் நடத்தினார். கூஃபா மசூதியில் பிணத்துக்குச் சுற்றும் வெள்ளைக் கஃபன் துணியைத் தாமே அணிந்து நின்று பிரசங்கம் செய்தார். 'நான் தயார்' என்று வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிரசங்கங்கள் ஒலிநாடாக்களில் ஊர் ஊராகப் போயின.

1999 பிப்ரவரி 19-ந் தேதி நஜஃபில் காரில் போய்க் கொண்டிருந்த அவரையும் இரண்டு பிள்ளைகளையும் சுட்டுக் கொன்றார்கள். சர்க்காரின் வேலை என்றே ஜனங்கள் நம்பினார்கள்.

தப்பிய பிள்ளை முக்ததா. படிப்பில் பெரிய பெயரில்லை. வீடியோ விளையாட்டுப் பித்தர் என்று பரிகசித்தவர்களும் உண்டு. ஆனால் தகப்பனார் விட்டுப் போன வலை அறுந்து போகவில்லை. 1959-ல் ஜெனரல் காசிம் ஏழைகளுக்காகக் கட்டத் தொடங்கிய 'புரட்சி நகரம்', பிறகு 'சதாம் நகரம்' ஆகி, 2003-ல் ஒரே நாளில் 'ஸத்ர் நகரம்' ஆயிற்று. சீடர்கள் ஆஸ்பத்திரிகளைக் காத்தார்கள், சோறு பங்கிட்டார்கள். அந்தக் கோடையிலேயே 'மஹ்தி சேனை' தோன்றியது. அதில் சேர்ந்த பதினெட்டு வயதுப் பையனின் வயதைக் கணக்கிட்டுப் பாருங்கள். தடை வந்தபோது அவனுக்கு வயது ஐந்து. நினைவு தெரிந்த நாளாக அவன் கண்டது ரேஷன் வரிசையும் அந்தக் கஃபன் கிழவரின் குரலும்தான்.

அவனை நான் தியாகியாக்கப் போவதில்லை. 2004-ல் அமெரிக்கர்களோடு மோதிய அதே சேனைக்காரர்கள், 2006-லும் 2007-லும் பாக்தாதில் ஸுன்னி அண்டை வீட்டார்களை இழுத்துப் போய்க் கொன்றார்கள். தலைவர் சேனையை முடக்கினார், வேறு பெயரில் எழுப்பினார், கம்யூனிஸ்டுகளோடு கூட்டுச் சேர்ந்தார். 2021 தேர்தலில் 73 இடங்கள் பெற்றார். மறு வருஷம் அத்தனை பேரையும் ராஜிநாமாச் செய்ய வைத்தார். 2022 ஆகஸ்டு 29-ல் அவர் அரசியலை விட்டு விலகுவதாகச் சொன்னதும், தொண்டர்கள் அரண்மனைக்குள் புகுந்தார்கள். துப்பாக்கிகள் இரவெல்லாம் வெடித்தன. முப்பது பேர் அளவில் மாண்டார்கள். மறுநாள் அவர் தொலைக்காட்சியில் தோன்றி, ஒரு மணி நேரத்துக்குள் எல்லோரும் வீடு திரும்ப வேண்டும் என்றார். பாயைச் சுருட்டிக் கொண்டு திரும்பிவிட்டார்கள்.