மசோதா சட்டமாதல் (இந்திய நாடாளுமன்றம்)

இந்திய நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா மூன்று வாசிப்புகளைக் கடந்து, இரு அவைகளிலும் நிறைவேறி, அரசமைப்பின் 111ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றபின் சட்டமாகிறது. (பண மசோதாவில் மாநிலங்களவைக்குப் பரிந்துரைக்கும் உரிமை மட்டுமே உண்டு.) அறிமுகமும் இறுதி வாக்கெடுப்பும் பெரும்பாலும் சடங்குகளே, சட்டத்தின் தரம் முடிவாவது, மசோதா நாடாளுமன்றக் குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்படுகிறதா என்பதில்தான். 1985இல் வந்த, கட்சித்தாவலைத் தடுக்கும் 52ஆம் அரசமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு, அவையில் தம் கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்க நேரிடும். ஆனால் 1993 முதல் இயங்கும் துறைசார் நிலைக்குழுக்களில் அந்த ஆணை செல்லாது. அங்கே அதிகாரிகளையும் வல்லுநர்களையும் அழைத்து விசாரிக்கலாம். ஆளுங்கட்சி உறுப்பினர் தம் அரசின் வரைவையே அச்சமின்றிக் கேள்வி கேட்கக்கூடிய இடம் அது.

குழு ஆய்வு காலத்தை விழுங்கும், மக்கள் தந்த பெரும்பான்மைக்கு முட்டுக்கட்டையாகும் என்பார்கள். ஆனால் குழுவிலும் கட்சிகளின் பலத்துக்கேற்பவே இடங்கள். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. காலத்தைப் பொறுத்தவரை, 2015 டிசம்பரில் அறிமுகமான திவால் மசோதா, கூட்டுக்குழுவின் ஆய்வுக்குப் பின்னும் 2016 மே மாதமே நிறைவேறிவிட்டது. 2020 செப்டம்பரில் குழுவுக்குப் போகாமலே நிறைவேறிய மூன்று வேளாண் சட்டங்களோ, விவசாயிகளின் நெடிய போராட்டத்துக்குப் பின் 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன. அவசரம் மிச்சப்படுத்திய காலம் எதுவும் இல்லை. இருந்தும், 15ஆம் மக்களவையில் சுமார் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன. 17ஆம் மக்களவையில் அது சுமார் 16 விழுக்காடு.