அமலம் என்னும் சொல்

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியாற் பூவரசங்குளத்தைக் கடந்து, மடுமாதாவின் ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் யாத்திரை செல்லும் அடியார், ஆங்கு வழிபாடு நடத்தும் குருமார் சிலரது பெயரின் பின்னே 'அ.ம.தி.' என்னும் மூன்றெழுத்தைக் காண்பர். 'அமலமரித் தியாகிகள்' என்பதன் சுருக்கம் அது. 1816இல் பிரான்சிலே தே மசெனோ என்பவர் நிறுவி, 1826இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற அச்சபையார், 1847இல் இலங்கைக்கு வந்து வடபுலத்திற் பணி தொடங்கினர்.

அச்சபைப் பெயரின் முதலிலுள்ள 'அமலம்' தூய்மையைக் குறிக்கும். அத்தூய்மையை ஸ்பானியர் 'பூரேசா' என்பர். அதனோடொத்த 'பூரீசிமா', அதாவது பரிசுத்தத்தின் உச்சியினள், மரியன்னைக்குத் திருநாமமாக, ஓர் இல்லத்தை அடைந்தோர் அந்நாமத்தைச் சொல்லி வாழ்த்துவதும், 'பாவமின்றி உற்பவித்தவள்' என அகத்திலிருப்போர் விடையிறுப்பதும் அந்நாட்டு வழக்காயின. ஆயினும், அதே தேசத்திற்றான் 'லிம்பியேசா' என்னும் மற்றொரு தூய்மைச்சொல் இரத்தத்தின்மேல் ஏற்றப்பட்டு, யூத குலத்திலிருந்து மதம் மாறியோரை உத்தியோகங்களினின்றும் விலக்கும் 1449ஆம் ஆண்டுத் தொலேதோ நகரச் சட்டத்துக்கு ஆதாரமாயிற்று.

நம்மவரோ இவ்விரண்டையும் இரவல் கொள்ளாது சைவ சித்தாந்தத்தை நாடினர். செம்பிற் களிம்புபோல உயிரை அநாதியே பற்றியிருக்கும் ஆணவமும், அதனோடு கூடிய கன்மம், மாயை என்பனவும் மலம் எனப்படும், அம்மலமில்லாதவன் அமலன். சிவனுக்குரிய இப்பெயரை வைணவரும் ஏற்றனர் என்பதற்குத் திருப்பாணாழ்வாரின் 'அமலனாதிபிரான்' சான்று. பள்ளிக்கூட வளவிலே 'மலசலகூடம்' என்று எழுதிய பலகையும் இம்மலத்தையே சுமந்து நிற்கின்றது. அழுக்கு என்னும் மூலப்பொருளிலிருந்து ஒரு கிளை உடலின் கழிவுக்கும் மற்றொன்று உயிரின் கட்டுக்கும் போயிற்று.

1854இல் ஒன்பதாம் பத்திநாதர் பிரகடனஞ் செய்த விசுவாச சத்தியத்துக்குத் தமிழிலே வழங்கும் 'அமலோற்பவம்' என்னும் தொடர், அமலத்தோடு உற்பவத்தைச் சேர்த்தது. உற்பவம் கருவாதல். சித்தாந்திக்கு இச்சேர்க்கை வியப்பாகவே இருக்கும். ஏனெனில் மலமுள்ளதே பிறக்கும், அநாதியே அமலனாயுள்ளவனுக்குப் பிறப்பில்லை என்பது அவன் கொள்கை. கருவான கணமே தாயொருத்தியைச் சென்மப்பாவம் தீண்டவில்லை என்பதோ கத்தோலிக்கர் கொள்கை. பிறவாதவனின் அடைமொழியைப் பிறந்தவளுக்குச் சூட்டியதனால், ஒரு சமயத்தின் சொல் மற்றதன் கோட்பாட்டைச் சொல்ல வல்லதாயிற்று. அமலா, அமலதாஸ், அமலோற்பவம் என்று பிள்ளைகளுக்குப் பெயரிடும் குடும்பத்தார் அச்சொல்லை அயல்வீட்டுச் சொத்தென எண்ணுவதுமில்லை.