கிணத்தடிச் சத்தங்கள்: பரந்தனில் இருந்து கலிலியோ வரை

ஆவணி மாதத்தில் பின்னேரம் ஆறு மணிபோல் பரந்தன் குறுக்குத் தெருக்களால் நடந்தால் வளவுக்கு வளவு ஒரே வேலைதான் நடக்கும். மோட்டரைப் போட்டுத் தாங்கி நிரப்புவினம். கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால், ஒரு வீட்டு மோட்டர் சல்லிக்கல் அரைக்கிற மாதிரிக் கடகடக்கும். பக்கத்து வீட்டில் சுவிச்சை நிப்பாட்டினதும் கிணத்துக்குள்ள 'டொம்' எண்டு ஒரு அடி. மற்ற வீட்டில் பைப்பைத் திறந்தால் தண்ணிக்கு முதல் தும்மல் வரும். "பழைய மோட்டர், அப்பிடித்தான் கத்தும்" எண்டு விடுவதுதான் எங்கட வழக்கம். ஆனால் இந்தச் சத்தங்களைப் பற்றி மனிசர் முந்நூறு நானூறு வருசமாக யோசித்திருக்கினம்.

கடகடவில் இருந்து தொடங்குவோம். கலிலியோ 1638இல் வெளியிட்ட 'இரண்டு புதிய அறிவியல்கள்' என்ற நூலில் சக்ரெதோ என்ற பாத்திரம் ஒரு பம்பியின் கதையைச் சொல்லும். நிலத்தடித் தொட்டி ஒன்றில் தண்ணி நிறைய இருந்தபோது அந்தப் பம்பி ஒழுங்காக இறைத்தது. தண்ணி ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் நின்றுவிட்டது. பம்பி பழுதாகிவிட்டது என்று வேலையாளைக் கூப்பிட்டால், அவர் பார்த்துவிட்டு, பிழை பம்பியில் இல்லை, தண்ணிதான் ஆழத்துக்குப் போய்விட்டது, 18 முழத்துக்கு மேலே எந்தப் பம்பியாலும் இழுக்க ஏலாது என்கிறார். அந்த வேலையாளுக்கு நூலில் பெயர் இல்லை. அவர் சொன்னது சரி. கலிலியோ கொடுத்த விளக்கம்தான் பிழைத்தது. கயிறு தன் பாரம் தாங்காமல் அறுவதைப்போல நீர்த்தூணும் அறுகிறது என்று அவர் நினைத்தார். அவரிடம் கடைசிக் காலத்தில் இருந்த தொரிசெல்லிதான் 1640களில் பாதரசக் குழாயை வைத்து உண்மையைக் கண்டார். பம்பி தண்ணியை இழுப்பதே இல்லை. அது குழாய்க்குள் வெறுமையை உண்டாக்குகிறது, வெளியில் இருக்கிற காற்றின் அழுத்தம் கிணத்துத் தண்ணியைக் குழாய்க்குள் தள்ளுகிறது. காற்றால் தள்ளக்கூடிய உயரம் ஏறத்தாழ 10.3 மீற்றர், அதற்கு மேல் இல்லை.

அது கணக்கு. கிணத்துக்கட்டில் வைத்த சாதாரண மோட்டர் நடைமுறையில் 7, 8 மீற்றருக்கு மேல் ஒழுங்காக எடுக்காது. எங்கட பக்கம் மழை பெரும்பாலும் ஐப்பசியில் இருந்து மார்கழி வரை. அப்போது கை எட்டுகிற தூரத்தில் நிற்கும் தண்ணி ஆவணி, புரட்டாதியில் அடியில் கிடக்கும். மார்கழியில் சத்தமில்லாமல் ஓடின மோட்டர் ஆவணியில் கத்துவது அதனால்தான். உறிஞ்சும் பைப்புக்குள் அழுத்தம் மிகக் குறைந்தால் தண்ணி சூடு இல்லாமலே கொதித்துக் குமிழியாகும். அந்தக் குமிழிகள் மோட்டரின் சுழல்விசிறிக்குள் போய் அழுத்தம் கூடின இடத்தில் உடையும்போது வருவதுதான் அந்தச் சல்லிக்கல் சத்தம். 1890களில் பிரித்தானியாவில் வேகக் கப்பல்களின் உந்திகள் எதிர்பார்த்த வேகத்தைக் கொடுக்காமல் போனபோதுதான் இது பெரிய பிரச்சினையாகத் தெரிந்தது. அந்தக் குமிழி எவ்வளவு விசையோடு உடையும் என்று ரேலி பிரபு 1917இல் கணக்குப் போட்டார். இரும்பையே அரித்துவிடும் விசை அது.

எனவே கடகட கேட்டால் முதல் வேலை, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கித் தண்ணி மட்டத்தை அளப்பது. மட்டம் மேலே இருந்தும் கத்தினால் அடியில் உள்ள வடியில் பாசியோ சேறோ அடைத்திருக்கும், இல்லாட்டி உறிஞ்சும் பைப்பின் இணைப்பு எங்கேயோ காற்றை உள்ளே எடுக்கும். அந்த ஓட்டையால் தண்ணி வெளியே ஒழுகாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. மோட்டரையும் வயரையும் நனைக்காமல், எட்டத்தில் இருக்கிற இணைப்புகளில் ஒவ்வொன்றாகத் தண்ணியை ஊற்றிப் பாருங்கோ. எந்த இடத்தில் ஊற்றும்போது சத்தம் மாறுதோ, அங்கே வெள்ளை ரேப்பைப் புதுசாகச் சுத்த வேணும்.

மட்டம் உண்மையிலேயே இறங்கியிருந்தால் மோட்டரைக் கீழே இறக்கலாம், அல்லது தண்ணிக்குள் தாழ்க்கிற வகைக்கு மாறலாம். இங்கே ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேணும். மின்சார மோட்டர் வேறை, எஞ்சின் வேறை. பெற்றோல், மண்ணெண்ணெய் மிசினைக் கிணத்துக்குள் இறக்கி ஓட்டக்கூடாது. அதன் புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கிணறு இறைக்கவோ துப்புரவாக்கவோ இறங்கினவரும், அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறந்த செய்திகள் இலங்கைப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன.

அந்த மிசினுக்கும் எங்கட ஊரில் ஒரு வரலாறு உண்டு. துலாவும் பட்டையும் இறைத்த காலத்தில் கிணத்தடியில் துலா கிறீச்சிட்ட சத்தம்தான். மண்ணெண்ணெய் மிசின் வந்து அதை மெல்ல மெல்ல விழுங்கியது. 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காய இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது வன்னித் தோட்டங்களுக்கு நல்ல காலம் பிறந்தது, விசுவமடுவும் முத்தையன்கட்டும் அதில் பெயர் எடுத்தன. பிறகு 1990இல் பொருளாதாரத் தடை. எரிபொருள் பொன்னானது. சில சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடவிடுகிற வித்தை அந்தத் தலைமுறைக்குக் கைவந்தது. எஞ்சினின் சத்தத்தை வைத்தே எண்ணெய் முடியப்போகுது என்று சொல்லக்கூடிய ஆக்கள் இன்றைக்கும் ஊரில் இருக்கினம். எங்களுக்கு அந்தக் காது வாய்க்கவில்லை.

1996இல் சண்டை பரந்தனுக்குள் வந்து ஊர் இடம்பெயர்ந்தது. 2002 சமாதானத்தோடு ஆக்கள் திரும்பி வந்தவை. 2008 முடிவில் மறுபடியும் வெளிக்கிட்டவை. உழவு இயந்திரத்தில் கூரைத் தகரத்தோடு இறைப்பு மிசினையும் ஏற்றிக்கொண்டு போனதாகப் பெரியவர்கள் சொல்லுவினம். கிளிநொச்சித் தண்ணித் தாங்கியும் அந்த நேரத்தில்தான் சரிந்தது. போர் முடிந்த பிறகு ஏ9 வீதியோரம் விழுந்து கிடந்த அதைப் பார்க்க பஸ் பஸ்ஸாகச் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். எங்கட சனத்துக்கு அப்போது இருந்த வேலை வேறை: கைவிட்ட கிணறுகளை இறைத்து, சேறெடுத்து, திரும்பவும் குடிக்கிற மாதிரி ஆக்குவது.

இனி 'டொம்'. ஓடுகிற தண்ணியைச் சட்டென்று மறித்தால் அது மதிலில் முட்டின மாடு மாதிரித் திருப்பி இடிக்கும். 1772இல் இங்கிலாந்தில் ஜோன் வைற்கேஸ்ற் என்ற மணிக்கூட்டுத் தொழிலாளி, குசினிப் பைப்பை மூடும்போது வருகிற இந்த இடியைக் கொண்டே தண்ணியை மேலே ஏற்றுகிற கருவி செய்தார். 1796இல் அதைத் தானாக இயங்க வைத்தவர் மொங்கோல்பியே, சூடான காற்றுப் பலூன் விட்ட சகோதரர்களில் ஒருவர். அந்த இடி எவ்வளவு பலமானது என்பதை 1897, 98இல் மொஸ்கோ நீர் நிலையத்தில் நீளமான குழாய்களை வைத்துச் சோதித்து நிறுவியவர் நிக்கலாய் சுக்கோவ்ஸ்கி. ரஷ்ய விமானவியலின் தந்தை என்று சொல்லப்படுகிறவரும் அவர்தான். செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் தண்ணி சட்டென்று நின்றால், பிவிசி பைப்பில் ஏறத்தாழ 40 மீற்றர் உயரத் தண்ணிக்குச் சமமான அழுத்தம் ஒரு கணம் ஏறும். இரும்புப் பைப்பில் 100 மீற்றரையும் தாண்டும். எங்கட தாங்கியோ 5, 6 மீற்றர் உயரம். அதுக்கென்று வாங்கின மலிவுப் பைப் மூட்டுகளில் வெடிப்பதில் புதினம் இல்லை.

பைப்பைப் பூட்டும்போது டொம் வந்தால், கால் சுற்றில் மூடுகிற புது வகைப் பைப்பை மெதுவாக மூடுங்கோ. சுவரில் பைப் ஆடுகிற இடத்தில் கிளிப் அடியுங்கோ. மோட்டர் நிற்கும்போது டொம் வந்தால் அது வேறை: மேலே ஏறின தண்ணி திரும்பி விழ, அடியில் உள்ள புட்வால்வு பிந்தி மூடுகிறது. அதன் ஸ்பிரிங்கோ றபரோ தேய்ந்திருக்கும்.

அந்தத் தேய்ந்த புட்வால்வுதான் தும்மலுக்கும் பெரும்பாலும் காரணம். இரவிரவாகத் தண்ணி கிணத்துக்குள் வடிந்து, பைப்பில் காற்று நிரம்பி, காலமை மோட்டர் வெறுமையாகச் சுத்தும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். மோட்டரை நிப்பாட்ட மறந்த வீடுகளில், கறண்ட் வந்த நேரம் பைப் காய்ந்து கிடந்தால், மோட்டர் தண்ணி எடுக்காமலே மணிக்கணக்காக ஓடும். சீல் உருகும், பிறகு கொயில் எரியும். தோட்டக் கூலியில் வாழுகிற வீட்டில் புது மோட்டர் என்பது கடன். கறண்ட் போனால் உடனே சுவிச்சை நிப்பாட்டுவது காசில்லாத வேலை. இரவில் பைப்பை நிரப்பிவிட்டுக் காலமை தண்ணி நிற்குதா என்று பார்ப்பதும் அப்படித்தான். அந்த நேரம் சுவிச் ஓவ் ஆக இருக்க வேணும்.

கடைசியாக ஒரு சீறல். இது பழைய இரும்புப் பைப் உள்ள வீடுகளில் கேட்கும். ஆனையிறவுக் கடல்நீரேரி பக்கத்தில் இருப்பதால் சில கிணறுகள் சவர், இரும்பு கெதியில் கறள் கட்டும். உள்ளே வழி ஒடுங்க ஒடுங்கத் தண்ணி சீறும், முதல் வாளி மண்ணிறமாக வரும். இதற்கு மருந்து கிடையாது, பைப்பை மாற்றத்தான் வேணும். அதே ஆனையிறவின் உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1950களில் இருந்து எரிசோடாவும் குளோரினும் செய்தது. நாட்டின் குடிநீரைச் சுத்திகரிக்கிற குளோரின் ஒருகாலம் இங்கே இருந்து போனது. 1980களில் போர் அதை நிறுத்தியது, கட்டடங்கள் இடிந்தன. பரந்தன் என்ற பெயரோடு அந்த அரச நிறுவனம் பிறகு கொழும்புப் பக்கம் இருந்து வெளிநாட்டுக் குளோரினை இறக்கி விற்றது.